அத்தான் எழுதிய நுழைவுத் தேர்வு

தேர்வு மையத்து வாசலில் காவலாளி என் அத்தானுக்கு ஒரு சல்யூட் அடித்தான். முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனா, பாலிஷ் போட்ட ஷூ, நரைத்த காதோரம். பார்த்தவன் வேறென்ன நினைப்பான்? "சார், ஸ்டாஃப் கேட் உதர்" என்று மைதானத்தின் மறுபக்கம் கைகாட்டினான். தானும் தேர்வு எழுத வந்தவன்தான் என்று அத்தான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கமே நடந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில், வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு விலங்கியல் நடத்தினார். மெயின்லேண்டுக்குக் கப்பலேறிப் போய் எம்.ஃபில். வாங்கி வந்தவர். மீன்பிடிக்க இந்தத் தீவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரைவிட அந்தப் பட்டத்தைப் பெரிதாக அச்சடித்தார் அப்பா. நான் எட்டாவதோடு நின்றவன். வடக்கே ரங்கத் என்ற ஊரில் பாக்கு உரித்தேன், கப்பல் கேன்டீனில் பாத்திரம் கழுவினேன், அந்தச் சமயம் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் போட் என்ஜின்களோடு கிடந்தேன். வேலை இல்லாத நாட்களில் அக்கா வீட்டில்தான் சோறு. அத்தான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "உனக்குக் கால்ல சக்கரம் மாப்ள" என்பார், அவ்வளவுதான்.

பிறகு எம்.ஃபில். என்ற படிப்பையே எடுத்துவிட்டார்கள். வாங்கிய பட்டம் செல்லும், ஆனால் பாடம் நடத்த அது போதாது, பிஎச்.டி.யில் சேர்ந்தாவது இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அதில் சேர முன்பெல்லாம் மதிப்பெண்ணும் ஒரு நேர்காணலும் போதுமாம். இப்போது எல்லோருக்கும் ஒரே நுழைவுத் தேர்வு. தேறாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. அவரிடம் படித்து முடித்த பிள்ளைகளும் அதே தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அதனால் அக்காவையும் என்னையும் தவிர யாரிடமும் சொல்லாமல், கல்லூரிக்குப் போகிற உடுப்பிலேயே என் பின்னால் ஸ்கூட்டரில் ஏறினார். முழுக்கையும் ஷூவும் கூடாது என்பது அவருக்குத் தெரியும். தெருக்காரர்கள் கண்ணுக்குத் தப்பினால் போதும், வாசலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்.

ஸ்டாஃப் கேட்டில் அவரை விடவில்லை. திரும்பி வருவதற்குள் வாசலை அடைக்கும் நேரம். வரிசையின் கடைசியில் அவருடைய மாணவிகள் நின்றார்கள். "குட்மார்னிங் சார், எந்த ஹால்ல ட்யூட்டி? எங்க ஹாலுக்கு மட்டும் வந்துராதீங்க சார்!" அத்தான் சிரித்தார். வரிசையில் சேராமல் ஒதுங்கியே நின்றார். காவலாளி கேட்டை இழுக்க ஆரம்பித்தான். நான் கத்திவிட்டேன். "பாய்சாப், ருக்கோ! இவரும் எக்ஸாம் எழுத வந்தவர்தான்!"

வரிசை மொத்தமும் திரும்பியது. மாணவிகள் தரையைப் பார்த்தார்கள். சல்யூட் அடித்தவனுக்குத்தான் கோபம். "ஃபுல் ஸ்லீவ் நஹி சலேகா" என்று சட்டைக் கையைக் காட்டித் தடுத்தான். அத்தனை பேர் முன்னால், அங்கேயே சட்டையை மாற்றிக்கொண்டோம். டீசல் கறை படிந்த என் அரைக்கைச் சட்டை அவருக்கு வயிற்றில் இறுகியது. என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்துச் சோதனைக்கு நின்றார்.

அப்போது, மகளைக் கொண்டுவந்து விட்ட ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "சார்ஜி, பிள்ளைங்களை எப்ப விடுவீங்க?" என்று இந்தியில் பணிவாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் போட்டிருந்த அத்தான் சட்டையின் பையிலிருந்த பேனாவைத் தொட்டேன். முதுகு தானாக நிமிர்ந்தது. "முடிந்ததும் அனுப்புவோம். வாசலை மறைக்காமல் போய் நிழலில் உட்காருங்கள்" என்றேன். அத்தான் வகுப்பில் பேசுகிற தொனி. அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை, இனித்தது. திரும்பினால், விரித்த கைகளோடு அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறிவிட்டார். இடம் கிடைத்தது, வேலையும் தப்பியது. அந்த மாணவிகளில் ஒருத்தி இப்போது அவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறாள். இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறாளாம். அன்று திரும்பும் வழியில், தெருமுனைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திச் சட்டையை மாற்றும்போது, "உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள" என்றார். கேலி செய்கிற ஆள் இல்லை அவர்.

அதற்குப் பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. சில நாளில் ரங்கத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். வேலை கிடைத்திருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். கிடைத்திருக்கவில்லை. இப்போதும் அவள் போன் செய்தால், அத்தான் வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால்தான் பேச்சு வருகிறது.