நூற்றுப் பதினேழு, மூன்று முறை

துப்பாக்கிப் பிரியர்களுக்கு விருந்து நடத்துவதில் முதல் சங்கடம், விருந்து நடக்கிற இடத்தில் துப்பாக்கி என்ற சொல்லையே எழுத முடியாது என்பதுதான். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஓர் உணவகத்தின் மாடி ஹாலை வருடா வருடம் எடுப்போம். முதல் வருடம் எங்கள் பேனரைப் பார்த்ததும் அங்கிருந்த மலையாளி மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. "துப்பாக்கிப் படம் வேண்டா சாரே, போலீஸ் வரும்" என்றார். அதை எடுத்துவிட்டு, நாங்கள் குறிபார்த்துச் சுடும் களிமண் தட்டின் படத்தை மட்டும் போட்டோம். கீழே டீ குடிக்க வந்தவர்கள் பாத்திரக் கடை திறக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

வெள்ளி, சனி விடுமுறையாக மாறுவதற்கு முந்தைய வருடங்கள் அவை. வியாழன் மதியத்தோடு வேலை முடியும். நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் பம்புகள் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் எஞ்சினியர். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்ட பத்துக் குண்டுகளின் ருசி நாற்பது வயதை நெருங்கியும் போகவில்லை. என்னைப் போன்ற பைத்தியங்கள் இன்னும் நாற்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். அல் ஐன் சாலையிலிருந்து பிரிந்து மணலுக்குள் போனால் ஓர் அர்பாபின், அதாவது அரபு முதலாளி ஒருவரின், துப்பாக்கி சுடும் ரேஞ்ச் வரும். துப்பாக்கிகள் அவருடையவை, அவருடைய பெட்டியிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் வாடகைக்கு வாங்கி, பறக்கும் தட்டுகளைச் சுட்டுவிட்டு, தொழுகை நேரத்துக்கு முன் தோள்வலியோடு திரும்புவோம். "காசு குடுத்துத் தட்டு உடைக்கிறதுன்னா வீட்டுலயே உடைங்களேன், நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்பாள் என் மனைவி.

வெயிலுக்குக் கூரை, தண்ணீர்த் தொட்டி என்று ரேஞ்சுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் இந்த விருந்து. அர்பாபிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வெயில் காலத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வைப்போம். ஒரே ஒரு வருடம் பார்த்துக்கொள்கிறேன் என்று கை தூக்கினேன். அந்தக் கையை நான்கு வருடம் இறக்க விடவில்லை.

அந்த ஊரில் குலுக்கல் சீட்டு விற்றால் சூதாட்டம் ஆகிவிடும். அதனால் சாப்பாட்டு டிக்கெட்டை விற்றுவிட்டு, அதோடு ஒரு கூப்பனை இலவசமாகக் குத்திக் கொடுப்போம். பரிசுகளுக்குக் கடை கடையாக நான் ஏற வேண்டும். முக்கால்வாசிக் கடைக்காரர்கள் அன்பாக உட்காரவைத்து, டீ கொடுத்து, கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரத்தை எடுத்து நீட்டுவார்கள். மூன்றாம் வருடம் என் வீட்டு வரவேற்பறையில் பதினொரு சுவர்க் கடிகாரங்கள் பெட்டிக்குள் படுத்திருந்தன. இதற்கிடையில் உறுப்பினர் ஒருவர் விடாமல் போன் செய்து, "முதல் பரிசு துப்பாக்கிதானே?" என்று கேட்பார். இந்த நாட்டில் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தால் அடுத்த விருந்தை ஜெயிலில்தான் வைக்க வேண்டும் என்று நான்கு வருடமும் அவருக்குச் சொன்னேன்.

நான்காம் வருடம்தான் முதல் பரிசு பெரிதாக அமைந்தது. ஒரு டிராவல்ஸ்காரர் இந்தியாவில் எந்த ஊருக்கும் போய்வர ஒரு விமான டிக்கெட் தருவதாகச் சொன்னார். அதைக் கேட்டு அதிகம் சந்தோஷப்பட்டவர் தட்டு ஏற்றும் அண்ணன்.

அவர் புதுக்கோட்டைப் பக்கம். ரேஞ்சில் எங்களுக்கு முன்னால் தரையில் ஒரு கான்கிரீட் குழி உண்டு. அதற்குள் உட்கார்ந்து, மெஷினில் தட்டை வைத்து, சுடுகிறவர் கத்தியதும் விசையைத் தட்டிவிடுவது அவர் வேலை. நாங்கள் காதுக்குச் சத்தம் தடுக்கும் மஃப் மாட்டிக்கொண்டு அவர் தலைக்கு மேலே சுடுவோம். அவர் காதில் பஞ்சு வைத்திருப்பார். ஒன்பது வருடம் அப்படி. ஒரு சமயம் தட்டு தாமதமாகப் பறக்கிறது என்று உறுப்பினர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவருக்குக் காது போய்விட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது. கமிட்டி கூடி அதற்கு ஒரு வழி செய்தது. குழிக்குள் ஒரு சிவப்பு பல்பு போட்டுக் கொடுத்தோம், சுடுகிறவர் பொத்தானை அமுக்கினால் எரியும். தட்டு மறுபடியும் நேரத்துக்குப் பறந்தது. எல்லோருக்கும் திருப்தி.

எனக்கு மட்டும் அந்த பல்பைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருந்தது. நான்காம் வருடப் பணத்தில் அவருக்குக் காது மெஷின் வாங்கித் தர வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை போட்டேன். கூரைக்குப் பெயிண்ட் என்ன ஆவது என்று கேட்டார் செயலாளர். பெயிண்ட் அடித்தால் கூரைக்குக் காது கேட்குமா என்று நானும் குரலை உயர்த்தினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

ஆனால் அண்ணனுக்கு அப்போது காதைப் பற்றிய கவலை இல்லை. வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் ஊர் டிக்கெட்டை, போன வருடம் அம்மா இறந்தபோது போய்த் தீர்த்துவிட்டார். அர்பாப் லீவு கொடுத்துவிட்டார், டிக்கெட் சொந்தச் செலவு. கையில் இருந்ததெல்லாம் நகைக்குப் போய்விட்டது. "அஞ்சு நாள் இருந்தாப் போதும் சார். தாரை வாத்துக் குடுத்துட்டு ஓடியாந்துருவேன்" என்று என்னிடம் சொன்னார். தனக்கே கேட்காததால் அவர் எதையும் உரக்கத்தான் சொல்வார். அவருக்கு ஒரு சாப்பாட்டு டிக்கெட்டை என் கையாலேயே கொடுத்தேன். கூப்பனை மட்டும் கழற்றி, சட்டைப்பையில் வைத்து, இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டார். அதில் என்ன நம்பர் என்று நான் பார்க்கவில்லை.

குலுக்கலுக்கு அந்த வருடம் ஒரு விதியை நான் கொண்டுவந்திருந்தேன். முந்தைய வருடம் டி.வி. விழுந்தவர் ஹாலில் இல்லை. அவரோடு ஒரே ரூமில் இருப்பவர் வந்து வாங்கிக்கொண்டு போக, இவர் மறுநாள் வந்து நியாயம் கேட்க, அந்தச் சண்டை இரண்டு மாதம் என் போனில் நடந்தது. அதனால் இனி கூப்பனோடு ஆளே மேடைக்கு வர வேண்டும். மூன்று முறை கூப்பிடுவோம், ஆங்கிலத்தில் ஒன்று, ஹிந்தியில் ஒன்று, தமிழில் ஒன்று. வராவிட்டால் வேறு சீட்டு. மலையாளத்தில் ஏன் இல்லை என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். அதற்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

விருந்தன்று காலையிலிருந்தே என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அரிசி வேகவில்லை என்று ஒரு மேஜை, ஏ.சி. நேராக அடிக்கிறது என்று ஒரு மேஜை. மைக் இரைந்தது. சிறிய பரிசுகளைக் கொடுத்து முடிப்பதற்குள் கடிகாரம் விழுந்த ஒருவர் மிக்ஸியாக மாற்றித்தரச் சொன்னார். அண்ணன் கடைசி வரிசை மேஜையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ரேஞ்ச் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கை தட்டும்போது அவரும் தட்டினார்.

முதல் பரிசுக்கு முன்னால் மேனேஜர் மேலே ஓடிவந்தார். எங்கள் ரேஞ்ச் பிக்கப் வண்டி கீழே யாருடைய காரையோ மறித்து நிற்கிறதாம். மைக்கில் நானே டிரைவரைக் கூப்பிட்டு, "யல்லா, சீக்கிரம் வண்டிய எடுங்க" என்றேன். அவர் எழுந்தார். அண்ணனிடம் என்னவோ சைகை காட்டிவிட்டு ஓடினார்.

சீட்டை எடுத்தேன். ஆங்கிலத்தில் படித்தேன். ஒன், ஒன், செவன். யாரும் எழவில்லை. ஹிந்தியில் சொன்னேன். தமிழில் நூற்றுப் பதினேழு என்றேன். ஹால் திரும்பித் திரும்பித் தன்னையே பார்த்துக்கொண்டது. அண்ணன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், "கலாஸ், முடிஞ்சுது, அடுத்தத எடுங்க சார்" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தேன். துபாயிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரின் மனைவிக்கு விழுந்தது. அவர் வந்து உறையை வாங்கி, போட்டோவுக்கு நின்றுவிட்டு, டாக்டரோடு கிளம்பிப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு காகிதத் தட்டுகளைக் கறுப்புப் பையில் அள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். விருந்தாளியாக வந்தவர், அவரும் குனிந்து அள்ள ஆரம்பித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கூப்பனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்து, புருவத்தை உயர்த்தினார்.

நூற்றுப் பதினேழு.

அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். டாக்டரின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. விஷயத்தைச் சொன்னால் நல்ல மனுஷர், திருப்பிக் கொடுத்திருப்பார். ஆனால் அப்படிச் செய்தால் விதியை மாற்றினாயா என்று செயலாளர் கேட்பார். டி.வி. விழுந்தவர் எனக்கு மட்டும் ஏன் மாற்றவில்லை என்பார். மறுபடி இரண்டு மாதம் என் போன் அடிக்கும். நான் களைத்துப் போயிருந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது, எனக்குக் கால் வலித்ததால்.

கையை விரித்து, இல்லை என்று காட்டினேன். அவரோடு எல்லோரும் சைகையில்தான் பேசுவோம், பொய் சொல்லவும் அது வசதியாக இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "அடுத்த வருசம் பாப்போம் சார்" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கூப்பனைக் கறுப்புப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தப் பையின் வாயை அவரே இறுக்கிக் கட்டினார்.

வீட்டில் மனைவி, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அண்ணனின் தம்பி தாரை வார்த்துக் கொடுத்தார். ஊரிலிருந்து வந்த யாரோ கல்யாண சி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விருந்துப் பணத்தில் காது மெஷின் அதற்குப் பிறகுதான் வந்தது. கமிட்டி போட்டோ எடுத்துக்கொண்டது. நான் அந்த போட்டோவில் ஓரமாக, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சுட்டு முடித்துவிட்டு மஃபைக் கழற்றும்போது அண்ணன் குழியிலிருந்து ஏறி என்னிடம் வந்தார். குழிக்குள் இருக்கும்போது காது மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்வார். என் எதிரில் நின்று அதை எடுத்து நிதானமாக மாட்டினார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஒரு சாதாரண மனிதர் பேசும் அளவில் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"நல்லா கேக்குது சார். சி.டி.ய மறுபடி போட்டேன். நாயனம் கேட்டுச்சு. எம் பொண்ணு யாரையோ பாத்து, அப்பா பேசுனாகளான்னு கேக்குது, அதுவும் கேட்டுச்சு."

"சந்தோஷம்ணே" என்றேன்.

அவர் போகவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிரைவரு சொன்னாப்ல. செயலாளர் சார் ரேஞ்சுல ஒட்டுன பரிசு லிஸ்ட்டுல என் நம்பரப் போட்டு, ஆள் வரலைன்னு எழுதியிருந்துச்சாம். முன்னயே பாத்துட்டாப்ல. சைகையில சொல்ற விசயமா இது, காது வரட்டும்னு வச்சுருந்தேன்னாரு. எனக்காகக் கேட்டுச் சொல்றேன்னு கூட உக்காந்திருந்தவரு அவருதான். நடுவுல வண்டி எடுக்கப் போயிட்டாரு."

வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் கேட்டார்.

"மூணு தரம் கூப்புட்டீகளா சார்?"

"ஆமாண்ணே."

"நல்லா சத்தமாத்தான கூப்புட்டீக?"

"சத்தமாத்தான் கூப்பிட்டேன்."

"அப்பச் சரி" என்றார். காது மெஷினைக் கழற்றி, துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து, சட்டைப்பையில் போட்டு இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பின்னால் அடுத்த ஆள் துப்பாக்கியோடு காத்திருந்தார். அண்ணன் குழிக்குள் இறங்கினார். அவருக்காகப் பொத்தானை அமுக்கி, பல்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டு நான் நகர்ந்தேன்.