குஜராத் கம்பவுண்டர்

சந்தானம் விளாங்குடியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, மேலூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேலைக்குப் போய்வந்தார். அரசு பார்மசிஸ்ட். ஊர்க்காரர்களுக்குக் கம்பவுண்டர். காலராவோ மலேரியாவோ, ஊருக்கு முந்திப் பதறுகிறவர் அவர்தான். மற்றபடி அதட்டிப் பேசக்கூடத் தெரியாது.

தொண்ணூற்று நாலு புரட்டாசியில், சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. குஜராத்திலிருந்து வந்தவர்களைத் தனியே வைத்துக் கண்காணிக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, சந்தானம் மனைவி ஸ்ரீலட்சுமியோடு ஆபீஸ் போனில் வீட்டுப் பாஷையில் பேசிவிட்டார். மாத்திரைக்கு நின்ற வீரணன் திகைத்துப் போனான்.

"கம்பவுண்டரய்யா, இது எந்தூருப் பாஷை?"

"எங்க பாஷைப்பா. சௌராஷ்டிரம்."

"அது எங்கிட்டு இருக்கு?"

"குஜராத்துல."

வீரணன் மாத்திரை வாங்காமலே வெளியே பாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் ஊரே வாசலில் திரண்டுவிட்டது. புதிதாக வந்திருந்த டாக்டர் முத்துக்குமரன் உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"நீங்க குஜராத்துல இருந்து வந்தவரா சந்தானம்?"

"எங்க முன்னோர் சார். பல நூறு வருசம் ஆச்சு."

"எப்ப வந்திருக்கணும்னு இதுல போடலையே."

பூட்டக்கூடிய அறை மருந்து ஸ்டோர் ஒன்றுதான். அவரை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். அப்புறம்தான் மருந்தெல்லாம் அவரோடு உள்ளே இருப்பது உறைத்தது. ஜன்னலோரம் வரிசை நின்றது. தொரட்டிக் கம்பில் பையைக் கட்டித் தூர நின்றே நீட்டினார்கள். சந்தானம் மருந்தைப் போட்டு அனுப்பினார்.

மாயக்காள் மட்டும் கிட்டே வந்து, "உங்க கை பட்ட மாத்திரைதானே?" என்றாள்.

"பின்ன யாரு கை படும்?"

"சீக்கும் வந்துரும், மருந்தும் கூடவே வந்துரும். குடுங்க."

பிளீச்சிங் பவுடர் நெடியில் சந்தானம் ஒரு தும்மல் போட்டார். வரிசையைக் காணோம். முதலில் ஓடியது டாக்டர். சந்தானத்தோடு பேசிய குற்றத்துக்காக அவரே ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்ரீலட்சுமி கட்டிக் கொடுத்த புளியோதரை உள்ளே போனதும் கம்பில்தான்.

மறுநாள் விசாரிக்க வந்த மாவட்ட அதிகாரி சாய்பிரசாத், ஜன்னலில் எட்டிப் பார்த்ததும் சௌராஷ்டிரத்திலேயே நலம் விசாரித்தார். டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார், நீங்களுமா?"

"நானும்தான். என்னையும் பூட்டப் போறீங்களா?"

டாக்டர் சாவியைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். அதிகாரி சாவியைப் பிடுங்கித் தானே கதவைத் திறந்தார். வீடு சேர்ந்த சந்தானம் ஸ்ரீலட்சுமியிடம், "இனிமே ஆபீசுக்குப் போன் பண்ணாத" என்று மட்டும் சொன்னார். தமிழில்.

ஆண்டுகள் கழித்து வீரணனுக்குக் காசநோய் வந்தது. மருந்து தருபவர் தன் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைக்க வேண்டிய சிகிச்சை. வெட்கப்பட்டு அவன் வரவில்லை. சந்தானமே தேடிப் போனார். வீட்டார் அவனுக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிக் கொல்லையில் கிடத்தியிருந்தார்கள். சந்தானம் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"தள்ளி உக்காருங்கய்யா, ஒட்டிக்கிரும்."

"மாத்திரையை ஒழுங்காப் போட்டா ஒட்டாது. இருமுறப்ப மட்டும் அங்கிட்டுத் திரும்பிக்க."

வீரணன் வாயைத் திறந்தான்.