பரிசளிப்பு விழாவில் ஒரு விஞ்ஞானி

எங்கள் பள்ளிக்கூடம் ஒரு கொலைகாரனுக்கு மாலை போட வைத்தது.

கொலைகாரன் நாடகத்தில் வந்த விஞ்ஞானி. மாலை மட்டும் உண்மை. தமிழ் ரீச்சர் தன் வீட்டு வேலியில் பறித்துக் கட்டிவந்த அலரிப்பூ மாலை.

நானும் சுதனும் அப்போது தரம் பத்து. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல்களுக்கு நடுவே பள்ளிக்கூடம். நூலகம் என்பது ஓர் அலுமாரி. கதவைத் திறந்தால் பூச்சி உருண்டையும் கரப்பான் எச்சமும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறும். அதற்குள்தான் அந்த விஞ்ஞானக் கதை கிடந்தது. அட்டை இல்லை. எழுதியவர் யாரென்று தெரியாது. மிகப் பழையது... ஏதோ ஒரு சீமையில் நடக்கிறது.

ஒரு விஞ்ஞானி ஒரு திராவகம் கண்டுபிடிக்கிறான். தெளித்தால் பயிர் இரண்டு மடங்கு விளையும். ஊர் கொண்டாடுகிறது. முதலில் தெளித்த தோட்டக்காரனுக்குக் கை நடுங்குகிறது. பிறகு பேச்சுப் போகிறது. பிறகு சாகிறான். நோய் ஊர் முழுக்கப் பரவியதும் விஞ்ஞானி தன் ஆய்வுகூடத்துக்குத் தானே தீ வைக்கிறான்.

மின்னல், கோபுரம், கொதிக்கும் கண்ணாடிக் குழாய்கள்... எனக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. சுதன் வாசித்துவிட்டு வேறொன்று கேட்டான்.

"விஞ்ஞானிக்குப் பேர் இருக்கு. அவன்ட நாய்க்கும் பேர் இருக்கு. செத்த தோட்டக்காரனுக்கு என்னடா பேர்?"

தேடினேன். இல்லை.

சுதனுடைய அப்பா நல்லதம்பி, வயல்களுக்குக் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர். முதுகில் மருந்து டேங்க், வாயைச் சுற்றி ஒரு துவாய், வெறுங்கால். அந்த வருடம் அவரால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் போனது. பாதி, இடுப்பில் கட்டிய சாரத்தில் சிந்தும். ஆஸ்பத்திரியில் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். ஊரில் குடி என்றார்கள். மனிதர் வெற்றிலைகூடப் போடமாட்டார்.

பரிசளிப்பு விழாவுக்கு அந்தக் கதையை நாடகமாக்கினோம். தோட்டக்காரனுக்கு நல்லதம்பி என்று பேர் வைத்தான் சுதன். தோட்டக்காரன் நான், விஞ்ஞானி அவன்.

"அப்பா வந்து பாக்கட்டும். குடிச்சு நடுங்கல்ல, மருந்தாலதான் நடுங்குதெண்டு ஊராக்களுக்கு முன்னால சொல்லோணும்."

அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஒத்திகை பார்த்த பள்ளிக்கூட அதிபர் நன்றாக ரசித்தார். கடைசிக் காட்சியில் முகம் மாறியது. பிரதம விருந்தினர் ஒரு பூச்சிமருந்துக் கொம்பனியின் பெரிய அதிகாரி. வாசல் பந்தலும் ஒலிபெருக்கியும் அவர்கள் தந்தவை.

"முடிவ மாத்துங்க மனே. தோட்டக்காரன் சுகமாகிறான், ஊராக்கள் விஞ்ஞானிக்கு மாலை போடுறாங்க. அந்தப் பேரையும் எடுங்க."

"அப்ப ஏன் சேர் அவனுக்குக் கை நடுங்கினது?" சுதன் கேட்டான்.

"அது... அவன் சத்தாச் சாப்பிடல்ல."

விழாவன்று வாசலில் வழக்கம்போல் சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு. அதிகாரி மீது பன்னீர் தெளித்தார்கள். சிரித்தபடி முகத்தை ஒற்றிக்கொண்டார். தன் பேச்சில், கவனமாகப் பாவித்தால் எங்கள் மருந்து தண்ணீர் மாதிரி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பந்தலில் காட்சிக்கு வைத்திருந்த புத்தம் புதிய டேங்க் ஒன்றைத் தானே எடுத்து எங்கள் நாடகத்துக்கு இரவல் தந்தார். நல்லதம்பி கடைசி வரிசையில் இருந்தார், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே அமுக்கிக்கொண்டு.

நான் மேடையில் நடுங்கினேன், சுகமானேன், எழுந்து ஆடினேன். மாலை விழுந்தது. அத்துடன் திரை மூட வேண்டும். சுதன் மூட விடவில்லை. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தான்.

"சபையோருக்கு என் கண்டுபிடிப்பு!"

கைப்பிடியை அடித்தான். முன்வரிசை மேல் பனிப்புகார்போல விழுந்தது. அதிகாரி கதிரை கவிழ எழுந்தார். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு பக்கக் கதவால் ஓடினார். பின்னால் அதிபர்.

டேங்குக்குள் இருந்தது வாசலில் மிஞ்சிய பன்னீர். மண்டபம் முழுக்க மணத்தது.

"தண்ணி மாதிரியெண்டாரே... பின்ன என்னகா இந்த ஓட்டம்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்க, மண்டபம் சிரித்தது. நல்லதம்பி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். அவரைப் பற்றி மேடையில் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை.

சுதனைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள். சாதாரண தரப் பரீட்சையை வெளியிலிருந்து எழுதினான். இப்போது மேசன் வேலை செய்கிறான்.

அந்தக் காலத்து விஞ்ஞானக் கதைகளை இப்போதும் தேடி வாசிக்கிறேன். எழுதியவர்கள் பயந்தது சரி. ஆனால் ஊரை அழிக்க ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி வேண்டும் என்று நினைத்தார்கள். எங்களுக்கு அப்படி ஒருவனும் தேவைப்படவில்லை. அதிகாரியின் மடிப்புக் கலையாத சேர்ட்டும் கொம்பனி தந்த இலவசத் தொப்பியும் போதுமாக இருந்தன. குற்ற உணர்வில் ஆய்வுகூடத்துக்குத் தீ வைக்கவும் யாரும் வரவில்லை.

ஒன்று மட்டும் அப்போது நன்றாக இருந்தது... ஒரு கதையை மேடையில் போட்டுவிட்டால் ஊர் திருந்திவிடும் என்று நம்பினோம். இப்போது எல்லாம் போனில் வருகிறது. வாசிக்கிறோம், லைக் போடுகிறோம், தள்ளிவிடுகிறோம்.

இந்த மாரிப்போகத்தில் எங்கள் வயல் வட்டைக்கு ட்ரோன் வந்தது. இனி மருந்தை அதுவே அடிக்கும், யாரும் டேங்க் சுமக்கத் தேவையில்லை. நல்ல விசயம்தான். ஆனால் அடிக்கிற மருந்து அதேதான். வாய்க்காலில் விழுந்தால் வாவிக்குத்தான் போகும்.

கொம்பனி வைத்த விளக்கக் கூட்டத்துக்கு சுதன் மோட்டார் சைக்கிளில் வந்தான். பின்னால் அப்பா. விழாமலிருக்க அவரைத் தன்னோடு ஒரு சால்வையால் சேர்த்துக் கட்டியிருந்தான். அவிழ்த்து, கதிரையில் இருத்தி, கேள்வி நேரம் வரும்வரை பொறுத்திருந்தான். பிறகு எழுந்தான்.

"இவர் என்ட அப்பா. உங்கட மருந்தத்தான் போகம் போகமா அடிச்சவர். குடிக்கிற ஆளில்ல. இவர்ர ரத்தத்தச் சோதிச்சு, உள்ளுக்க என்ன கிடக்கெண்டு இந்த ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க."

கொம்பனியிலிருந்து வந்த இளம் அதிகாரி மற்றப் பக்கம் பார்த்தார். "வேற ஆருக்கும் கேள்வி இருக்கா?"

ஒருவரும் கை உயர்த்தவில்லை. சுதன் உட்காரவுமில்லை.

"சொல்லுங்க சேர்."