எந்த வீட்டுக்கு?

நோட்டில் ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதியிருந்தால் அக்கா இன்றும் என்னோடு பேசிக்கொண்டிருப்பாரா? இரண்டு வருடமாக இதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து குச்சனூர் போகும் சாலையில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார்கள். மயிலாடும்பாறைப் பக்கமிருந்து எள்ளும் கடலையும் வாங்கி வந்து, கடைக்குப் பின்னாலேயே ஆட்டி விற்பது. சனிக்கிழமை அங்கே சனீஸ்வரர் கோயிலுக்கு வருகிற கூட்டத்திலேயே அந்த வாரத்துப் பாதி வியாபாரம் முடிந்துவிடும். நான் பி.காம். படித்தவள் என்பதால் கல்யாணமான மறு மாதமே கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது.

அப்போது எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். சமையலுக்கு எடுத்துப் போகும் எண்ணெயை 'வீட்டுக்கு' என்று எழுதுவேன். அதுவே போதுமானதாக இருந்தது.

பிறகு அக்கா குடும்பம் அடுத்த தெருவில் வாடகைக்குப் போனது. சண்டை ஒன்றும் இல்லை, இடம் பற்றவில்லை. அந்த வாரமே 'பெரிய வீட்டுக்கு, இரண்டு லிட்டர்' என்று எழுதினேன். கடைக்கு வந்த அக்கா நோட்டை எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள ரெண்டு வீடாக்கிட்டியா ஆத்தா? பால் காய்ச்சுன சட்டிகூட இன்னும் ஆறல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகம் வாடியிருந்தது. 'பெரிய' என்பதை அடித்துவிட்டேன். அதன்பின் யார் எடுத்தாலும் 'வீட்டுக்கு'தான்.

மகள் பிறந்த பிறகு தினமும் எழுதும் பழக்கமும் போயிற்று. கணவர் துண்டுச் சீட்டில் குறித்து வருவார். வாரத்துக்கு ஒருமுறை அதை நோட்டில் ஏற்றுவேன். அந்த ஒரு மணி நேரம் நான் நிம்மதியாக எழுத வேண்டும் என்று அக்காதான் மகளைத் தூக்கிக்கொண்டு போவார்.

எண்ணெய் ஆட்டப் புதுச் செக்கு வாங்க வங்கியில் கடன் கேட்டபோது கணக்கைக் கூட்ட வேண்டியிருந்தது. 'வீட்டுக்கு' போன எண்ணெய் நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகம்.

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டார் கணவரின் அண்ணன்.

"ரெண்டுக்கும்தாண்ணே," என்றார் கணவர்.

"எங்க வீட்டுல மூணே பேரு. எண்ணெயிலயே குளிச்சாலும் இம்புட்டு ஆகாதுடா."

"அப்ப நாங்க குடிச்சுட்டோம்ங்கிறீகளா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "அவுக ரெண்டு பேரும் கெடக்காக. எழுதுனவ நீதான. நீ சொல்லு."

மடியில் மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. "ஞாபகம் இல்லக்கா," என்றேன்.

"படிச்ச புள்ள. ஞாபகம் இல்லேங்குற."

மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, அழுத என் மகளைத் தூக்காமலேயே எழுந்து போனார். அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

அவர்கள் இப்போது பெரியகுளத்தில் தனிக் கடை போட்டுவிட்டார்கள். நான் தினமும் கடை அடைப்பதற்கு முன் எழுதிவிடுகிறேன். தேதி, அளவு, எடுத்தது யார். மூன்று நிமிடம்கூட ஆவதில்லை. இந்த மூன்று நிமிடத்தைத்தானே அன்று விட்டேன்.

போன மாதம் பழைய நோட்டைப் புரட்டினேன். சில வரிகளில் 'டின்', சில வரிகளில் 'பாட்டில்' என்று இருந்தது. அன்று நாங்கள் கூட்டுத்தொகையை மட்டும்தான் பார்த்தோம். அக்கா எண்ணெய்க்கு எப்போதும் பாட்டில்தான் கொண்டு வருவார். டின் எங்கள் வீட்டுக்கு வருவது. பிள்ளை பிறந்த நேரத்தில் என் சொந்தக்காரர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நோட்டில் டின்களே அதிகம்.

ஆனால் எப்போதும் பாட்டில்தானா? ஒரு டின்கூட அங்கே போகவில்லையா? சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. கணவரிடம் காட்டினேன். "முடிஞ்சு போச்சு, விடு. இனி அதத் தோண்டி என்ன செய்யப்போற?" என்றார்.

மகளுக்கு மூன்று வயதாகப் போகிறது. பெரியம்மா எங்கே என்று கேட்டால் சுவரில் இருக்கும் போட்டோவைக் காட்டுகிறாள்.

குடும்பமாகக் கடை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். உறுதியில்லாத அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நான் பெரியகுளம் போகலாமா, இல்லை, நோட்டை வைத்துவிட்டு மகளை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாமா?