ரோசம்மா சிஸ்டர் காத்த கண்கள்

முந்தாநாள் காலையில் தையல்கடையைத் திறக்கும்போதே பக்கத்துச் சுள்ளிக்கல்லிலிருந்து ஆள் வந்து சொன்னார்: “நம்ம ரோசம்மா சிஸ்டர் போயாச்சு.” மட்டாஞ்சேரிக் கண்ணாஸ்பத்திரியில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்காரர்களை மட்டும் கவனித்துக்கொண்ட நர்ஸ் அவர். அவரிடம் திட்டு வாங்கிய ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

என் அத்தா, அதாவது அப்பா, மிளகுத் தரகர். ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த கண்ணுக்கு நாளுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. எழுபதுகளின் கடைசியில் ஒரு ரமலானில், யாரையும் கேட்காமல் பகல் வேளை மருந்தை நிறுத்திவிட்டார். கசப்பு தொண்டையில் இறங்குகிறதாம், நோன்பு முறிந்துவிடுமாம். வலிக்காத நோய் என்பதால் எங்களுக்கும் பயம் வரவில்லை.

பரிசோதனைக்கு வராதவரைத் தேடி, கொட்டும் மழையில் சிஸ்டர் வீட்டுக்கே வந்தார். மருந்துக் குப்பியைத் தூக்கி, மருந்து குறைய வேண்டிய அளவு குறையாததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“ராவுத்தரே, இந்தக் கண்ணும் போனா திரிச்சு வராது, கேட்டோ?”

“நோன்பை விடச் சொல்றியா? போனா போகட்டும்!” என்று அத்தா கத்தினார். அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு அத்தாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. “நோன்பு உங்க காரியம், அதுல நான் பேச மாட்டேன். மருந்து விடலாமான்னு யாராவது போய்ப் பள்ளிவாசல்ல உஸ்தாத்கிட்ட கேட்டுட்டு வரட்டும். நான் இங்கயே இருக்கேன்.” அண்ணன் ஓடினான். சாயா போடட்டுமா என்று அம்மா கேட்டாள். “நீங்க எல்லாரும் பட்டினி. எனக்கு மட்டும் எதுக்கு?” என்றார் சிஸ்டர்.

கண்ணில் விடும் மருந்தால் நோன்பு முறியாது என்று உஸ்தாத் சொல்லி அனுப்பினார். அத்தா அப்போதும் மசியவில்லை. “கசக்கிறது என் தொண்டைதானே!”

“கசக்காம விட்டா?” சிஸ்டர் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்தில் கண்முனையை விரலால் அழுத்திப் பிடித்தார். “மருந்து தொண்டைக்கு இறங்குற வழி இது. அடைச்சா போகாது.” நாங்கள் அத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எச்சிலை விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார்.

“கசக்கலை” என்றார்.

அந்தக் கண் அத்தாவுக்குக் கடைசிவரை இருந்தது. அன்று கிளம்பும்போது சிஸ்டர் என்னிடம், “குடும்பத்துல வர்ற நோய் இது, மோளே. நீயும் வந்து காட்டணும்” என்றார். பயந்துகொண்டே போனேன். எனக்கும் இருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார், இத்தனை வருஷமும் திட்டித் திட்டியே மருந்து விட வைத்தார்.

நேற்று தேவாலயத்தில் அவர் பக்கத்தில் நின்றேன். மூடிய இமைகள், காதோரத்து நரை, கன்னத்துச் சிறு மச்சம், எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவர் எனக்கு விட்டுச் சென்றது இந்தப் பார்வையைத்தான்.