ரெக்கார்டு நோட்டில் ஐம்பத்தைந்து

பாலக்கோடு பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். நடத்துகிறேன் என்பதே பெரிய வார்த்தை. லேபில் ஓடுகிற கம்ப்யூட்டர் நாலு, பிள்ளைகள் நாற்பது பேர். புரோகிராமைப் போர்டில் எழுதுவேன். அவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதி, கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமலேயே விடையையும் கீழே எழுதிவிடுவார்கள். நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் போன வருஷத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். சமையலை வாசித்தே கற்றுக்கொள்ளச் சொல்கிற வேலை இது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அலுத்துப்போயிருந்தேன்.

ஒரு வருஷம் ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்குத் தக்காளி மண்டியில் சுமை தூக்கும் வேலை. காலேஜில் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மதியம் எல்லோரும் சாப்பிடும்போது, லேபில் ஒவ்வொரு புரோகிராமாக அடித்து ஓட்டிப் பார்ப்பாள். ஒருநாள் நோட்டோடு என்னிடம் வந்தாள்.

“சார், ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் கூட்டுனா அம்பத்தஞ்சுன்னு இதுல இருக்குதுங்க. ஓட்டுனா நாப்பத்தஞ்சுதானுங்க வருது.”

பார்த்தேன். பத்து என்று போட்டால் அந்தப் புரோகிராம் ஒன்பதோடு நின்றுவிடும். பதினொன்று என்று போட வேண்டும். என்றைக்கோ போர்டில் நான் செய்த பிழை. அத்தனை நோட்டிலும் என் கையெழுத்தோடு இருந்தது. எல்லா நோட்டையும் திருத்தச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“நோட்டுல இருக்கற மாதிரியே எழுதும்மா. யாரும் ஓட்டிப் பாக்கப்போறதில்ல” என்றேன்.

செய்முறைத் தேர்வில் அவளுக்கு அந்தப் புரோகிராமே வந்தது. அவள் பதினொன்று என்று எழுதி, ஓட்டி, ஐம்பத்தைந்தும் வரவைத்திருந்தாள். வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் திரையைப் பார்க்கவில்லை. விடைத்தாளையும் நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“இதுல பத்து, அதுல பதினொண்ணு. மாத்தி எழுதியிருக்குதே சார்?”

அவள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நாற்பது நோட்டும் தப்பு, என் கையெழுத்தும் தப்பு.

“பதட்டத்துல மாத்திட்டா போலிருக்குதுங்க” என்றேன். அவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். வெட்கமாக இருந்தது.

இப்போது யாராவது பயிற்சிக் கூட்டத்தில் புரோகிராமிங்கை எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று பேசினால் எரிச்சல்தான் வருகிறது. பிள்ளைகளை ஓட்டிப் பார்க்க விடுங்கள், தப்பு வந்தால் வாத்தியாரும் ஒத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

அந்த வருஷம் சான்றிதழ் வாங்க வந்தபோது அவளிடம் எதில் சேர்ந்தாள் என்று கேட்டேன்.

“பி.காமுங்க சார்.”

“கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னு சொன்னியேம்மா?”

“சரியாப் போட்டதையே தப்புன்னுட்டாங்களேங்க சார்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீங்களும் பக்கத்துலதானுங்களே நின்னீங்க.”