படுக்கைக்குக் கீழே பேட்டரிப் பெட்டி

"மே 16, வெள்ளி. மாலை 6.45. டிரெய்லரில் அலாரம் அடித்தது. இரண்டு நிமிடம். காரணம்: சாம்பிராணி."

என் நோட்டில் இப்படி நான்கு வரிகள் இருக்கின்றன. நான்கும் வெள்ளிக்கிழமை. நான்கிலும் காரணம் சாம்பிராணி என்றே எழுதியிருக்கிறேன். முதல் வரியில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். எதை நம்பி அவ்வளவு அழுத்தமாகக் கோடு போட்டேன் என்று இப்போது பார்த்தால் தெரியவில்லை.

டிரெய்லர் பழையது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன வண்டி. உள்ளே இருவர் படுக்க ஒரு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு, ஒரு சின்ன அலமாரி. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு போர்ச்சில் நிற்கும். சனிக்கிழமை காலையில் கிளம்பி மோரிப் கடற்கரைக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவோம். என் மனைவிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். ஒரு மாஸ்க்கை முகத்தில் மாட்டி, அதன் வழியே காற்றைத் தள்ளும் இயந்திரத்தோடுதான் அவள் தினமும் தூங்க வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது என்பது மருத்துவர் சொன்னது. டிரெய்லரில் இருந்த பழைய பேட்டரி அந்த இயந்திரத்தை விடியும்வரை ஓட்டவில்லை. மார்ச் மாதப் பயணத்தில் அது பாதியிலேயே நின்றது. அவள் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால்தான் பேட்டரி மாற்றினேன். ஏப்ரல் 19, சனிக்கிழமை. சுங்கை வேயில் ஒரு பேட்டரிக் கடை. கோல்ஃப் திடலில் ஓடும் பக்கி வண்டிகளுக்குப் போடும் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து இணைத்தால் இரவு முழுக்கத் தாங்கும் என்றார் கடைக்காரர். பழையது மூடி போட்ட பேட்டரி, இவை தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்ற வித்தியாசத்தையும் அவரே விளக்கினார். சார்ஜ் ஏறும்போது இவை ஒரு வாயுவை விடும், அதனால் பெட்டிக்குள் வைத்து, வாயு வெளியே போக ஒரு பைப் போடச் சொன்னார். பைப் எந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பெட்டியைப் பொருத்தியது என் மச்சினன், மனைவியின் தம்பி. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சமையல் கேஸ் இணைப்பு போட்டுக்கொடுப்பது அவன் தொழில். துளையிடும் கருவியை எடுத்துக்கொண்டு பூச்சோங்கிலிருந்து வந்தான். கட்டிலுக்குக் கீழே பெட்டியை வைத்து, அதன் அடியில் ஒரு துளை போட்டு, ரப்பர் பைப்பை டிரெய்லரின் தரை வழியாகக் கீழே இறக்கினான். மேலே போடலாமா என்று நான் ஒரு வார்த்தை கேட்டேன். அவன் சிரித்தான்.

"கேஸ் எப்பவும் கீழதான் மாமா இறங்கும். எத்தனை கடைக்குப் போட்டிருக்கேன். மேல ஓட்டை போட்டீங்கன்னா மழைத் தண்ணிதான் உள்ள வரும்லா."

எனக்கு அது சரியாகவே பட்டது. சமையலறைச் சுவரில் தரையை ஒட்டி ஓட்டை விடுவதை நானும் பார்த்திருக்கிறேன். அவன் துளை போட்டு முடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியின் மூடி பக்கம் வயர் வெளிவர ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே அவள் மறுபடி வர ஒப்புக்கொண்டாள். ஒரே நிபந்தனை: யாரோ பயன்படுத்திய வண்டி, தூங்குகிற இடம், வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் சாம்பிராணி காட்டும்போது அங்கேயும் காட்டவேண்டும். தேங்காய் ஓட்டுக் கரியைத் தணலாக்கித் தூபக்காலில் போட்டுக்கொண்டு, படி ஏறி, கட்டில், அலமாரி, மூலை என்று புகை காட்டிவிட்டு இறங்குவாள். மறுநாள் பயணம் என்பதால் நானும் வெள்ளிக்கிழமையன்றுதான் பேட்டரிக்கு சார்ஜ் போடுவேன். காலையில் போட்டால் மாலைவரை ஏறும்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு நச்சுப்புகை அலாரம் இருந்தது, வண்டியோடு வந்தது. ஏப்ரல் 25 வெள்ளியன்று அது முதன்முறையாக அடித்தது. அவள் சாம்பிராணியோடு உள்ளே நின்ற நேரம். அவள் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு இறங்கினாள். சற்று நேரத்தில் நின்றது. அடுத்த மூன்று வெள்ளியும் அப்படியே. மச்சினன் அதைக் கேட்டுவிட்டு, இந்த அலாரத்துக்குப் பக்தி பத்தாது என்றான். அவன் அக்கா, பக்தி இல்லாததை எல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நான் நோட்டில் எழுதவில்லை. ஆனால் நினைவில் இருக்கிறது.

மே 20, செவ்வாய். சாம்பிராணி இல்லாத நாள். பேட்டரியைக் காலியாக விட்டு வைக்காதீர்கள் என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னதால், பயணத்திலிருந்து திரும்பிய பிறகு அன்று சார்ஜ் போட்டிருந்தேன். மாலையில் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அலாரம் அடித்தது. தெருவில் லோரி சத்தமும் கேட்டது. "காரணம்: பக்கத்து வீட்டு லோரிப் புகை" என்று எழுதினேன். வெளியே போய்ப் பார்க்கவில்லை.

மே 23, வெள்ளி. மறுநாள் மோரிப். மச்சினனும் எங்களோடு வருவதாக இருந்ததால் மாலையே வந்துவிட்டான். போர்ச்சில் கார் பின்கதவைத் திறந்து வைத்துக் கூடாரக் கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். நான் உள்ளே மேசையில் அந்த வாரக் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து டிரெய்லரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சமையலறையில் கரி புகையும் வாடை வந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ஒரு வரி: "பக்கத்து வீட்டார் ஈப்போ போகிறார்கள். லோரி பட்டறையில். கடிதங்களை நான் எடுத்து வைக்க வேண்டும்."

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டில் லோரியே இல்லை.

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். ஐந்து முறை அலாரம். நான்கில் சாம்பிராணி, ஒன்றில் இல்லை. ஐந்திலும் இருந்தது ஒன்றுதான். ஐந்து நாளும் சார்ஜ் போட்டிருக்கிறேன். வண்டியோடு வந்த காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தேன். அலாரத்தின் விளக்கத்தாளை அதற்குள்ளிருந்து எடுத்தேன். கடைசிப் பக்கம், பொடி எழுத்து. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்கும் இந்த அலாரம் அடிக்கும் என்று இருந்தது. சமையல் கேஸைப் போலில்லாமல் ஹைட்ரஜன் காற்றைவிட லேசானது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அது மேலே போகும். நாங்கள் வழிவிட்டது கீழே. மேலே போனால் மூடியின் இடைவெளி, அதற்கு மேலே கட்டில், கட்டிலில் அவள் தலை. ஒரு நெருப்புப் பொறி போதும்.

சமையலறைப் பக்கம் திரும்பினேன். அடுப்பருகே யாரும் இல்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

அலாரம் அடிக்கவில்லை என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் போர்ச்சுக்குப் போய்ச் சேரும் வரைதான். அவள் ஒரு காலை டிரெய்லரின் படியில் வைத்திருந்தாள். இடது கையில் தூபக்கால், தணல் சிவந்திருந்தது. வலது கை கதவுப் பிடியில். கதவு காலையிலிருந்து மூடியே இருந்தது.

"ஏறாதே. அந்தக் கதவைத் திறக்காதே," என்றேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கு வேறு பயம் வந்துவிட்டது. "என்னங்க, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லை. நெருப்பை எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வெளியே போ. மெதுவா போ."

அவள் படியிலிருந்து காலை எடுத்து, தூபக்காலை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, என்னைக் கடந்து, கேட்டைக் கடந்து, தெருவுக்கு அந்தப் பக்கக் கால்வாய் ஓரம் போய் நின்றாள். அந்த இருபது அடியும் நான் தணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சினனுக்கு இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அலாரம் சும்மா இருக்கே மாமா. இருந்தா அடிச்சிருக்கும்ல?" என்று கேட்டுக்கொண்டே டிரெய்லரில் செருகியிருந்த சார்ஜ் வயரைப் பிடுங்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பிடுங்கும் இடத்தில் பொறி தெறிக்கலாம். வீட்டுக்குள் போய் மெயின் சுவிட்சில் அந்த இணைப்பை அணைத்தேன். உள்ளே இருக்கும் காற்றாடியைப் போட்டால் சீக்கிரம் வெளியேறும் என்றான். எந்த சுவிட்சையும் தொடாதே என்றேன். கூரையில் கையால் சுற்றித் திறக்கும் ஒரு ஜன்னல் உண்டு. யாராவது உள்ளே போய்த்தான் அதைத் திறக்க வேண்டும். நான் போகிறேன் என்று அவன் முன்னால் வந்தான். அவன் கையில் போன், இடுப்பில் சாவிக்கொத்து. நானே போனேன்.

கதவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் முழங்காலை வைத்து ஏறி, கூரை ஜன்னலின் கைப்பிடியைச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பலகை முழங்காலுக்கு அடியில் சுட்டது. வெளியே வந்தபோது, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திருமணமாகி இத்தனை வருடங்களில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒரு மணி நேரம் மூவரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். கரி சாம்பலானது. பிறகு கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். ஒரு பேட்டரியின் பக்கச்சுவர் உப்பியிருந்தது. மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. மச்சினன் குனிந்து தரைக்குக் கீழே தொங்கிய பைப்பின் வாயில் விரலை வைத்துப் பார்த்தான், ஈரமே இல்லை. எழுந்து வந்து, என்னிடம் பேசாமல் அவளிடம் பேசினான்.

"உன் தலைக்கு அடியில நானே வெச்சிருக்கேன்கா."

"வெச்சது நீ, படுத்தது நான்," என்றாள். "இவர் ஒவ்வொரு தடவையும் மணி பார்த்து எழுதிக்கிட்டு இருந்தாரு."



அந்தப் பயணம் நடக்கவில்லை. மறுநாள் சுங்கை வே கடைக்கு நானும் மச்சினனும் போனோம். உப்பியது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் மாற்றச் சொன்னார் கடைக்காரர். என் பழைய சார்ஜர் பேட்டரி நிறைந்த பிறகும் குறையாமல் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, அதையும் தூக்கிப் போடச் சொன்னார். அவள் ஓரிரவுகூடத் தன் தலைப்பக்கம் அது இருக்கக்கூடாது என்றாள். வண்டிக்கு வெளியே இழுவைக் கம்பியில் வைத்தால் கிள்ளானில் ஒரு வாரம் நிற்காது, யாராவது கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் கால்மாட்டுப் பக்கம், ரப்பர் பட்டை வைத்து இறுக மூடும் புதுப் பெட்டி. புதுக்காற்று உள்ளே வரத் தரைக்குக் கீழிருந்து ஒரு துளை. வாயு போக மூடியின் மிக உயரமான மூலையிலிருந்து ஒரு பைப், எங்கும் கீழே வளையாமல் மேல்நோக்கியே ஏறி, பக்கச்சுவர் வழியாக வெளியே. மழைக்கு ஒரு தொப்பி, பூச்சிக்கு ஒரு வலை. வயர் போகும் துளைகளை மச்சினன் தானே பசை வைத்து அடைத்தான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

ஜூன் 7, சனி. சோதனை. அவளை முன்னால் வைத்துத்தான் செய்யவேண்டும் என்பது அவன் பிடிவாதம். கீழ்த் துளையை டேப்பால் ஒட்டிவிட்டு, வெளியே மேல் பைப்பின் வாயில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டி, சார்ஜ் போட்டோம். வெகுநேரம் பை துவண்டே கிடந்தது. அவன் இரண்டு முறை முடிச்சைப் பார்த்தான். பிறகு ஒரு மடிப்பு விரிந்தது, இன்னொன்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பை எழுந்து வானத்தைப் பார்த்து நின்றது. "ஏறுதுலா," என்றான், அவனுக்கே கேட்கும் அளவில். பையை அவிழ்த்து, டேப்பை உரித்த பிறகு, அவள் டிரெய்லருக்குள் ஏறிக் கட்டிலில் படுத்துப் பார்த்தாள். சுவரில் புது அலாரம், அதன் சோதனைப் பொத்தானை அவளே அழுத்தினாள். அடித்தது. சார்ஜ் மாலைவரை ஏறியது. அது மறுபடி அடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மோரிப் போனோம். அவள் விடியும்வரை தூங்கினாள். சாம்பிராணி காட்டுவது இப்போது சார்ஜ் இல்லாத நாளில் மட்டும், கதவும் கூரை ஜன்னலும் திறந்த பிறகு.

பழைய அலாரம் அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை என்பதையும் எழுதவேண்டும். மே 23 இரவே அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன். உள்ளே இரண்டு சின்ன பேட்டரிகள் இருக்கவேண்டிய இடம் காலி. செவ்வாய்க்கிழமை அது அடித்திருக்கிறது. எனவே செவ்வாய் மாலைக்கும் வெள்ளி மாலைக்கும் நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த மூடியைத் திறக்கவே தனக்குத் தெரியாது என்கிறாள் மனைவி. மச்சினன் வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தான், டிரெய்லருக்குள் ஏறவில்லை. என் நோட்டில் மே 22, வியாழக்கிழமைக்கு இப்படி இருக்கிறது: "மின்வெட்டு, இருபது நிமிடம். டார்ச் வைத்துச் சமாளித்தோம்." எங்கள் டார்ச்சுக்கும் அந்த அலாரத்துக்கும் ஒரே அளவு பேட்டரிதான். டார்ச்சுக்கு பேட்டரி மாற்றுவது வீட்டில் எப்போதும் நான். அன்று மாற்றியதாக நினைவில்லை. மாற்றவில்லை என்றும் நினைவில்லை. நோட்டில் எதுவும் இல்லை. அலாரத்திலிருந்து அவற்றை எடுத்தது யார் என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.